மல்லாவிச் சேற்றில் ஒரு சறுக்குவண்டி

ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கத் தொடங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் சின்னக் குளங்கள் பலவற்றில் கரைக்கும் தண்ணீருக்கும் இடையில் நூறு, இருநூறு மீற்றருக்குச் சேறுதான். மேலால் பார்த்தால் வெடித்துக் காய்ந்த தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மீன் முழுக்க நடுவில் ஒதுங்கி நிற்பதால் பிடிப்பது சுகம். பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவருவதுதான் பாடு. முப்பது கிலோ மீனை உரப்பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் நடந்தவர்களின் முழங்கால் வலி எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கும் அதுதான் இருந்தது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற்று, யன்னல் கிறில், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி, கலப்பை திருத்துவது என்று வேலை ஓடும். மீன்பிடி என் தொழில் இல்லை. ஆனால் வவுனிக்குளத்திலும் சுற்றியுள்ள சின்னக் குளங்களிலும் மீன் பிடிப்பவர்கள் ஏதாவது செய்து தரச் சொல்லி வருவார்கள். அந்த வேலைகளை நான் மற்றதை ஒதுக்கிவிட்டுச் செய்வேன். கடையில் வாங்க முடியாத சாமானை, கையில் இருக்கிற இரும்பையும் பிளாஸ்ரிக்கையும் வைத்து, ஒரு ஆளின் தேவைக்கு அளவெடுத்துச் செய்து கொடுப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது.

இந்தப் பழக்கம் யுத்தகாலத்தில், வன்னிக்குச் சாமான் வராமல் அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் வந்தது. 1990 தொடக்கம் 2002 இல் ஏ9 பாதை திறக்கும் வரை வன்னியில் பெற்றோல் என்பது மருந்து மாதிரி. எம்டி 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்டார்ட் பண்ண மட்டும் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல். பற்றரி இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். என் மாமா அப்போது சைக்கிள் திருத்துகிறவர். அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் நான் தொழில் பழகினேன். அவருடைய மகன், என் மச்சான், இப்போது கனடாவில் ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கிறான். அவனுக்கும் அதே கை.

அவன் மாரியில் சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறான். ரொறன்ரோவுக்கு வடக்கே எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிற ஏரி அது. தை, மாசியில் மேற்பரப்பு உறைந்துவிடும். அதற்கு மேல் நடந்து போய், துளை போட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள். மஞ்சள் பேர்ச், வெள்ளைமீன், ஏரி ட்ரவுட் எல்லாம் வரும். வீடியோவில் முதலில் காட்டியபோது மீனைவிட அவன் இழுத்துக்கொண்டு போன வண்டியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லு இல்லை. தொட்டி மாதிரி ஒரு கறுத்தப் பிளாஸ்ரிக் சறுக்குவண்டி. அதற்குள் வாளி, துளை போடுகிற ஓகர், மடிக்கிற கூடாரம், அடுப்பு, அவனுடைய சாப்பாடு எல்லாம். ஒரு கையால் இழுக்கிறான்.

“மச்சான், உன்ர சேத்துக்கும் என்ர சினோவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பாரம் ஒரு இடத்தில இறங்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றான். சினோ என்பது அங்கே விழுகிற வெண்பனி.

அதுதான் முழு விஷயமும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ ஆள் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கும்போது பாதம் தரையில் படுகிற பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 325 கிராம் அழுத்தம். அதையே 80 சென்ரிமீற்றர் அகலமும் 145 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள தட்டில் 100 கிலோவாகப் பரப்பினால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 9 கிராம்கூட வராது. முப்பது மடங்குக்கு மேல் குறைவு. ஆளை விழுங்குகிற சேறு அந்தத் தட்டை விழுங்காது.

தட்டுக்கு நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் ஒன்று எடுத்தேன், 200 லீற்றர் கொள்வது. ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பூச்சிமருந்து வந்த பரலை இதற்கு எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் வைக்கிற சாமானுக்கு அது ஆகாது. தின்னர், பெற்றோல் வந்த பரலுக்குப் பக்கத்தில் நெருப்பே கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டுச் சாமான் வந்த பரல்கள் பேக்கரிகளில் கிடைக்கும். மேலும் கீழும் உள்ள மூடிப் பக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு, உடலை நெடுக்காக ஒரு கோட்டில் கிழித்தால், விரிக்கும்போது ஏறக்குறைய 180 சென்ரிமீற்றர் நீளமும் 80 அகலமும் உள்ள தட்டு கிடைக்கும். அது தன் பாட்டில் சுருளப் பார்க்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு மேல் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, மேலே சீமெந்துக் கற்களை அடுக்கி விட்டேன். மறுநாளைக்கு ஓரளவு படிந்துவிட்டது. முற்றாகத் தட்டையாக வரவேண்டும் என்று அவசியம் இல்லை. ஓரங்கள் கொஞ்சம் மேல்நோக்கி நின்றால் சேறு உள்ளே ஏறாது, நல்லது.

முன்மூக்கை வளைப்பதில்தான் வேலை இருக்கிறது. ஹீற் கன்னால் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு மெல்ல மெல்லச் சூடாக்கி, பளபளப்பு மாறித் துவளத் தொடங்கும்போது ஒரு பனங்குற்றியின் மேல் வைத்து வளைத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் தேவை. குளிரும் வரை கையை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு நெருப்புச் சுவாலையைக் காட்டினால் மேலே கருகும், உள்ளே இளகாது. மூக்கு எவ்வளவு மெதுவான வளைவாக வருகிறதோ, வண்டி அவ்வளவு நன்றாகச் சேற்றின் மேல் ஏறும். கூர்மையாக நிமிர்ந்த மூக்கு சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும். வயலில் பலகை அடித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலே முக்கால் அங்குல பைப்பில் ஒரு சட்டம். தட்டோடு சட்டத்தைப் பூட்டுகிற போல்ற்றின் தலை கீழ்ப்பக்கம் வரவேண்டும், அதுவும் தட்டைத் தலை, தட்டுக்குள் அமுங்கி இருக்க வேண்டும். கீழே ஒரு நட்டு நீட்டிக்கொண்டிருந்தாலும் இழுவை கூடும். கடைசியாக, இரண்டு அங்குல பீவிசி பைப்பை நெடுக்காகப் பிளந்து, அடியில் இரண்டு கோடாகப் பூட்டினேன். அது இல்லாவிட்டால் குளத்தின் சரிவில் இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது.

அடியில் பைப் பூட்டுவது பற்றி மச்சானும் நானும் நிறையக் கதைத்தோம். அங்கே பலர் பழைய சினோச் சறுக்குக் கட்டைகள் இரண்டை எடுத்து, அதற்கு மேல் மரச்சட்டம் அடித்து, சறுக்குத் தொட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். வெறும் ஐஸிலும் இறுகிய சினோவிலும் அது பிரமாதமாக ஓடும், உராய்வு மிகக் குறைவு. ஆனால் புதுச் சினோ ஆழமாக விழுந்திருந்தால் அந்த ஒடுங்கிய கட்டைகள் புதைந்து, சட்டம் சினோவைத் தள்ளத் தொடங்கும். அந்த நாட்களில் தட்டை அடியுள்ள தொட்டிதான் வெல்லும். எனக்கு எப்போதும் ஆழம்தான், இறுகிய தரை என்பதே இல்லை. அதனால் பைப்பை ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்ட விடவில்லை. திசை பிடிக்க மட்டும் அது. பாரத்தைத் தாங்குவது தட்டுத்தான்.

சரி, வண்டி புதையாது. இழுக்கிற ஆள் புதைவானே? அங்கே இழுக்கிறவன் காலுக்குக் கீழே உறைந்த தண்ணீர் கல் மாதிரி நிற்கும். இங்கே அப்படி இல்லை. அதனால் இழுப்பதை ஆளிடமிருந்து எடுத்து லாண்ட்மாஸ்டரிடம் கொடுத்தேன். குளக்கட்டின் இறுகிய தரையில் லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டி, வலது சில்லைக் கழற்றி, அந்த அச்சில் ஒரு பழைய லொறி றிம்மைப் பூட்டினேன். றிம்மின் இரண்டு பக்கமும் தகட்டு வளையம் வெல்ட் பண்ணிக் கயிறு வழுகாமல் செய்தேன். அந்தப் பக்கத்தை மரக்குற்றியில் நிமிர்த்தி, இடது சில்லுக்குக் கட்டை கொடுத்து, இடது கைபிடியில் உள்ள திருப்புகிற கிளச்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் இடது பக்கம் ஓடாது. வலது உருளை மட்டும் சுற்றும். முதலாவது கியரில், இஞ்சினை உறுமவிடாமல் வைத்தால், நைலோன் கயிறு நடக்கிற வேகத்தில் வந்து சுற்றும். நடுக்குளத்திலிருந்து சறுக்குவண்டி தானாக வருவதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் கட்டில் வரிசையாக நிற்பார்கள். அவர்களைக் கயிற்றின் நேர்கோட்டில் நிற்க விடுவதில்லை. இறுகின நைலோன் அறுந்தால் சவுக்கு மாதிரித் திரும்பி வரும். கிளச்சைப் பிடிக்கிறவனின் கண் வண்டியில் இருக்க வேண்டும், போனில் இருக்கக் கூடாது. இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

கயிற்றால் இழுப்பதில் மச்சானுக்கு வேறு சிக்கல். அவனுடைய நண்பர்கள் சினோவில் ஓடுகிற சினோமொபீல் வண்டியின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெறும் கயிற்றில் கட்டினால், பிரேக் பிடித்தவுடன் பாரமேற்றிய சறுக்குவண்டி நிற்காமல் வந்து சினோமொபீலின் பின்பக்கம் மோதும். அதற்காகப் பைப்பில் விறைப்பான இழுவைக் கோல் செய்ய வேண்டும். அவன் தொலைபேசியில் காட்டிய அளவுக்கு நான் இங்கே படம் கீறி அனுப்பினேன், வண்டியின் இரண்டு மூலையிலிருந்தும் வந்து முன்னால் ஒரு முனையில் சேருகிற மாதிரி. முனையில் ஒரு பின். அவன் அங்கே வெட்டி ஒட்டிவிட்டான். எங்கள் லாண்ட்மாஸ்டர் பெட்டியின் ஏர்க்காலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டிலேயே வண்டி கட்டுகிற இந்தப் பழக்கம் உறைந்த நாடுகளில் எவ்வளவு ஆழமானது என்று தேடிப் பார்த்தேன். கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 மாரியில் அவருடைய சின்ன மகன் நோயில் விழுந்தபோது வீதிகள் சினோவால் மூடிக் கிடந்தன, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனது. அதற்கு முன்பே சினோவில் ஓடுகிற வண்டிக்கு முயன்றுகொண்டிருந்தவர், 1937 இல் சங்கிலித் தடத்தைச் சுழற்றுகிற பல்லுச்சில்லுக்குக் காப்புரிமை பெற்று பி7 என்ற வண்டியை விற்கத் தொடங்கினார். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான தடம். பிறகு வந்த பெரிய பி12 வண்டிகள் உறைந்த ஏரிகளில் மீன்பிடிகாரரை ஏற்றிக்கொண்டு ஓடின. ஆஸ்பத்திரிக்குப் பாதையில்லாத மாரி என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிற எங்களுக்குப் புரியும். அந்த மனுசனை நினைத்தால் எனக்கு மனம் இளகிவிடும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ரஷ்யர்களின் கரகாட். உறைந்த ஆற்றுக்கும் ஏரிக்கும் மீன் பிடிக்கப் போகவென்று வீட்டு முற்றத்தில் கட்டுகிற வண்டி அது. இஞ்சின் பழைய மோட்டார் சைக்கிளினுடையது. சில்லு, லொறி அல்லது டிராக்டர் ரியூப். பெரிய ரியூப்பைக் காற்றுக் குறைவாக அடித்து, பைப் வளையத்தில் செய்த றிம்மின் மேல் ஏற்றி, பெல்ற் வார்களால் குறுக்கே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ரியூப்புக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ, தரையில் அது கொடுக்கிற அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆகவே காற்றைக் குறைத்தால் வண்டி மெல்லிய ஐஸிலும் சதுப்பிலும் போகும். ஐஸ் உடைந்தாலும் பெரும்பாலும் மிதக்கும், ஏனென்றால் சில்லு நான்கும் காற்றுப் பைகள்.

எங்கள் குளங்களில் லொறி ரியூப்பில் பலகை கட்டி வலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ரியூப் அங்கே சில்லாக ஓடுகிறது என்று பார்த்தபோது பட்டறையில் கிடந்த ரியூப்புகளைத் திரும்ப ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு தடை இருக்கிறது. ஐஸில் முள் இல்லை. எங்கள் குளக்கட்டைச் சுற்றி விடத்தலும் சூரையும் நிற்கிறது, வெறும் ரியூப் ஒரு நாள் தாங்காது. அதற்கும் அவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். பழைய பெரிய ரயரின் மேற்கட்டையைச் சீவி எடுத்துவிட்டு, மெல்லிய துணிப்படையுடன் உள்ள உறையை மட்டும் ரியூப்புக்கு மேல் போடுவார்கள். பாரம் குறையும், நெகிழும், முள்ளையும் ஓரளவு தடுக்கும்.

பாதுகாப்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சிம்கோவில் ஆள் நடக்கத் தெளிந்த நீலநிற ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். சினோமொபீலுக்கு 12 முதல் 15. வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிற ஐஸ் அரைவாசிப் பலம்தான், ஆகவே இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். தண்ணீருக்குள் விழுந்தவன் வழுக்குகிற ஐஸ் விளிம்பைக் கையால் பிடித்து ஏற முடியாது. அதற்காகக் கழுத்தில் ஒரு சோடி ஐஸ் ஊசி போட்டுக்கொள்வார்கள், இரண்டு கைபிடி, முனையில் ஆணி. அதைக் குத்தி, காலை உதைத்து, படுத்தபடியே மேலே ஏறி, எழும்பாமல் உருண்டு வரவேண்டும். மச்சானுக்கு நான் செய்து அனுப்பிய முதல் சாமான் அதுதான். பாலை மரத்தில் கடைந்தால் அழகாக இருக்கும், ஆனால் பாலை தண்ணீரில் தாழும், கை நழுவினால் போய்விடும். பூவரசில் கடைந்தேன், மிதக்கும். சீமெந்து ஆணியை இறக்கி, தலையை வெட்டிக் கூராக்கி, ஒன்றின் ஊசி மற்றதன் துளைக்குள் போய் ஒளிகிற மாதிரி வைத்தேன். ஊரிலிருந்து போன ஒரு அக்கா பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தா. கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பவன் காற்றோட்டத்துக்கு வழி வைக்க வேண்டும் என்பதையும் அவனுக்குச் சலிக்காமல் சொல்கிறேன். அடுப்பிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை மூக்கால் அறிய முடியாது.

எங்கள் பக்கத்து ஆபத்து வேறு. குளத்தில் முதலை உண்டு, தண்ணீர் குறைந்த காலத்தில் அதுவும் மீன் நிற்கிற இடத்துக்குத்தான் வரும். ஆகவே ரியூப்பில் காலைத் தொங்கப்போட்டு இருக்கக் கூடாது, பலகை ரியூப்புக்கு மேலால் வரவேண்டும். பட்டறைக்காரருக்கு இன்னொன்று. காட்டிலோ குளத்தடியிலோ எடுத்த இரும்பென்று யாராவது கொண்டுவந்தால், என்னவென்று தெரியாததை வெட்டாதீர்கள், தொடவும் வேண்டாம். யுத்தம் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தில் வேலை இருக்கிறது.

மச்சான் தன் கையால் செய்த சின்னச் சாமான்களில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஓகரை மின்துளைக் கருவியில் பூட்டும்போது, மேலே துளையைவிட அகலமான ஒரு தட்டைப் போட்டிருக்கிறான். பூட்டு விட்டுப்போனாலும் ஓகர் தண்ணீருக்குள் போகாமல் துளையின் வாயில் தட்டு நின்றுவிடும். மற்றது, துளையில் மிதக்கிற ஐஸ் துகளை அள்ளுகிற கரண்டி. அது வடை பொரித்து எடுக்கிற கண்ணறைக் கரண்டி, கைபிடிக்கு ஒரு முழம் பைப் சேர்த்திருக்கிறான்.

எனக்கு ஐஸ் காலுக்குக் கீழே இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. எங்கள் வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று வைத்தால்தான் மல்லாவியிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்குப் போகும்போது மீன் மீனாக இருக்கும். சறுக்குவண்டியின் சட்டத்தில் அப்படியே இறங்கி உட்காருகிற மாதிரிப் பெட்டி செய்திருக்கிறேன். வெளியே பிளைவூட், உள்ளே பிளாஸ்ரிக் தகடு, நடுவில் ரீவிப் பெட்டிகளில் வருகிற ரெஜிபோம் இரண்டு அங்குலத் தடிப்புக்கு. அடியில் ஒரு மூலையில் துளையும் தக்கையும், உருகிய தண்ணீர் போக. மீன் உருகிய தண்ணீருக்குள் ஊறக் கூடாது. குளத்துக்குள்ளேயே பெட்டியில் மீனும் ஐஸும் மாறி மாறி அடுக்கி, கயிற்றில் கரைக்கு வந்து, நாலு பேர் தூக்கி அப்படியே மோட்டார் சைக்கிள் பெட்டிச் சட்டத்தில் வைத்துவிடலாம். இடையில் ஒருதரம்கூட மீனைக் கொட்டுவதில்லை. போன புரட்டாசியில் விராலுக்கும் றோகுவுக்கும் சந்தையில் கிடைத்த விலையைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் இதே மாதிரிச் செய்து தரக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கரகாட்தான். நாலு சில்லு இல்லை, முதலில் இரண்டு சில்லில் ஒரு இழுவைப் பெட்டி. நாலுசில்லு டிராக்டரின் முன் ரயர் ஒரு சோடியின் மேற்கட்டையைச் சீவத் தொடங்கியிருக்கிறேன். கிறைண்டரில் சீவினால் றப்பர் எரிந்து நாறுகிறது. சப்பாத்துத் தைக்கிறவரின் கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சீவினால் வெண்ணெய் மாதிரி வருகிறது, ஆனால் மெதுவான வேலை. மாரி மழைக்கு முன் முடிக்கப் பார்க்கிறேன். வீட்டில் பழைய டிராக்டர் ரயர், காற்று நிற்கிற பெரிய ரியூப் வைத்திருப்பவர்கள் துணுக்காய், மல்லாவி, மாங்குளம் பக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானே லாண்ட்மாஸ்டரில் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.